மோசி செத்துக் காட்டிய போர்

நாக்கைச் சொடுக்கி முன்னங்கால் முட்டியில் இரண்டு தட்டு தட்டினால் என் குதிரை மோசி படுத்துவிடுவான். கழுத்தை மணலில் நீட்டி, கண்ணைத் திறந்தபடி, மூச்சுகூடத் தெரியாமல் கிடப்பான். பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டோடு இருந்த இரண்டு குளிர்காலங்களில் விளையாட்டாக நான் கற்றுக்கொடுத்தது. அது வெளியே தெரிந்திருக்கக் கூடாது.

தெரியவைத்தவன் என் அண்ணன் ஸ்டெய்னார். செப்டம்பரில் எங்கள் கருமணல் கடற்கரைக்குத் தொலைக்காட்சித் தொடர் எடுப்பவர்கள் வந்தார்கள். ஓர் அத்தியாயம் முழுக்கப் போர். ஒரு சூனியக்காரி ராஜாவின் படையை அழித்துவிட்டுப் பிணங்களுக்கு நடுவே நடந்து போக வேண்டும். பக்கத்துப் பண்ணை ஆட்களெல்லாம் தாடி ஒட்டிக்கொண்டு பிணமானார்கள். ராஜாவின் குதிரையாகச் சாக ஒரு குதிரை தேவைப்பட்டது.

"எங்க மோசி சாவான். என் தங்கச்சி சொன்னா போதும்," என்று ஸ்டெய்னார் சொல்லிவிட்டான்.

எனக்கும் பிண வேஷம் போட்டு மோசியின் கழுத்தில் கை வைத்தபடி படுக்கச் சொன்னார்கள். முதல் நாள் புகை, நெருப்பு, கூச்சல் எதற்கும் அவன் காதைக்கூட ஆட்டவில்லை.

குதிரைகளுக்குப் பொறுப்பான கோனல் அயர்லாந்துக்காரர். அப்பாவிடம் வந்தார்.

"முப்பது வருஷமா இதே தொழில், டோர்ஃபி. இப்படி ஒரு பொணத்தப் பாத்ததில்ல. நாளைக்கும் இதே மாதிரி கெடந்தான்னா எங்க ஊருக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

"தாராளமா," என்றார் அப்பா.

எங்கள் தீவைவிட்டுக் கடல் தாண்டிய குதிரை திரும்பி வர முடியாது. ஒரே நாள் போய்வந்தாலும் கரையில் இறக்க விடமாட்டார்கள். வெளிநோய் உள்ளே நுழையக் கூடாதென்று பழைய சட்டம்.

"அப்பா, அவன் திரும்பி வரவே முடியாதே," என்றேன்.

"அட, வாயத் தொறந்துட்டாடா!" ஸ்டெய்னார் சிரித்தான். "அவன் பெரிய நடிகனாகப் போறான். நீதான் இங்கயே கெடக்கப் போற."

"குதிரைதானே, ஐசா," என்றார் அப்பா.

மறுநாள் காலை வேலியிலிருந்து முள்கம்பித் துண்டு ஒன்றை முறித்து, முள் வெளியே நீட்டும்படி என் வலது கையுறையில் செருகிக்கொண்டேன். கூடாரங்களுக்குப் பின்னால் மோசியை நிறுத்தி நாக்கைச் சொடுக்கினேன். படுத்தான். கழுத்தில் குத்தினேன். துள்ளி எழுந்தவன், எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது போல என் தோளை முகர்ந்தான். மறுபடி சொடுக்கினேன். மறுபடி படுத்தான். ஆறாவது முறை உடம்பெல்லாம் நடுங்கியது, ஆனாலும் படுத்தான். ஏழாவது முறை நின்றுகொண்டே இருந்தான்.

அவன் மூக்கில் முத்தமிட்டேன். கம்பியைத் தூர எறிந்துவிட்டுப் பிடரிமயிரால் ரத்தத்தை மூடினேன்.

படப்பிடிப்பில் எனக்கு ஒரு கை தூரத்தில், மார்பில் அம்போடு ஸ்டெய்னார் செத்துக் கிடந்தான். கோனல் மோசியின் முட்டியைத் தட்டினார். அசையவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"நீ கூப்பிடு, ஐசா," என்றார்.

இருநூறு பிணங்கள் எனக்காகக் காத்திருந்தன. அவனுக்குக் கேட்கக் கூடாதென்று மெல்லச் சொடுக்கினேன். கேட்டுவிட்டது. படுத்தான்.

கேமரா நெருங்கியது. நேற்றுப் போலவே அவன் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனேன். கையுறையில் கம்பி இல்லை. அவனுக்கு அது எப்படித் தெரியும்? அலறிக்கொண்டு எழுந்தான். அவன் குளம்புக்கடியில் ஸ்டெய்னாரின் முழங்கால் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிணங்கள் எழுந்து ஓடின. கேமராவை யாரும் நிறுத்தவில்லை. தூரத்தில் ஒருவர் கைதட்டினார்.

ஸ்டெய்னாரை ஆம்புலன்சில் ஏற்றிய பிறகு கோனல் பிடரிமயிரை விலக்கிப் பார்த்தார். விரல் சிவந்தது.

"இது தானா வந்த காயமில்ல. யாராவது செஞ்சிருந்தா இவன் மேல தப்பில்ல, இப்பவே கூட்டிட்டுப் போறேன். குணமே இதுதான்னா எனக்கு வேணாம். உனக்கு ஏதாவது தெரியுமா, ஐசா?"

தெரியாது என்று தலையாட்டினேன். அந்த நிமிடம் நான் சந்தோஷமாக இருந்தேன். அன்றே அவர்கள் விமானமேறினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார்: "மனுஷன மிதிச்ச குதிரைய வெச்சுக்க முடியாது. வியாழக்கெழம கசாப்புக்கு ஆடு ஏத்த வர்ற வண்டியில இவனையும் அனுப்பிடலாம்."

கையுறையை மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வீட்டில் நான் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. அப்பா கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோனல் கேட்டப்ப சொல்லியிருக்கணும்," என்றார். அடுப்பைத் திறந்து அதை உள்ளே போட்டார். "ஸ்டெய்னாருக்குத் தெரிய வேணாம். வியாழக்கெழம நீதான் வண்டியில ஏத்தணும். வேற யாரு கூப்பிட்டாலும் வரமாட்டான்."

ஏறினான். கதவைச் சாத்துவதற்கு முன் பழக்கத்தில் என் நாக்கு சொடுக்கிவிட்டது. ஆட்டுப் புழுக்கைமேல் கழுத்தை நீட்டிப் படுத்தான்.

பிப்ரவரியில் அந்த அத்தியாயம் ஒளிபரப்பானது. மேசையில் கசாப்பிலிருந்து வந்த உப்பிட்ட இறைச்சியும் உருளைக்கிழங்கும். ஊரே அந்தக் குதிரைக் காட்சியைப் பற்றித்தான் பேசியது. செத்த குதிரையைச் சூனியக்காரி எழுப்புவதாக மாற்றியிருந்தார்கள்.

"அங்க பாரு, என் காலு!" ஸ்டெய்னார் ஊன்றுகோலால் திரையைக் காட்டிக் கத்தினான். "பாவி, எப்படி நடிக்கிறான் பாரு!"

மோசி எழுவதற்குச் சற்று முன், திரையின் ஓரத்தில் ஒரு பிணத்தின் கை அசைகிறது. அப்பா ஒலியைக் கூட்டிவிட்டு, என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார்.