பதினான்கு நாற்காலிகள்

காலையிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடையைத் திறந்தேன், மூடினேன், பூட்டை இழுத்துப் பார்த்தேன், பத்தடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஜெராக்ஸ் எடுக்க யார் வரப்போகிறார்கள்? ஆனாலும் கை சும்மா இருக்கமாட்டேன் என்றது. வானம் வேறு கறுத்துக்கொண்டு, பெய்யலாமா வேண்டாமா என்று பாவ்லா காட்டிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்கு எங்கள் தெருவில் வெள்ள ஒத்திகை. அணையில் மதகைத் திறந்தால் இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் எங்கள் வாசலில் நிற்கும். போன மழையில் இடுப்பளவு நின்றது. நடக்க முடியாதவர்களை யார் தூக்குவது என்று ஆளாளுக்குக் கத்தியதிலேயே அரை நாள் போனது. அதற்குப் பிறகுதான் நர்ஸ் அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினார். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் ஓயாத மனுஷி. என்னையும் இழுத்துக்கொண்டு இரண்டு மாதம் படியேறி இறங்கினார். பள்ளிக்கூடம் மாடி ஹாலைத் தருவதாகச் சொன்னது. மருந்துக்கடைக்காரர் ஒரு பெட்டி மருந்து, மெக்கானிக் கயிறும் லாரி டியூபும். என் பங்குக்குப் பேப்பரும் பட்டியலும். வண்டிதான் கிடைக்காமல் இழுத்தடித்தது. கடைசியில் பேக்கரி முதலாளி ரொட்டி வண்டியைத் தருகிறேன் என்றார், ஒரே ஒரு நிபந்தனையோடு.

"என் வண்டிய என் டிரைவர்தான் ஓட்டணும். வேற எவன் கையிலயும் சாவி போகக்கூடாது."

அந்த டிரைவர் என் வீட்டுக்காரர்.

கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டியிருக்கக்கூடாது. மூன்று மாதத்துக்கு முன்னால் கண் டாக்டர் இவரிடம் சொன்னதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் நான். இடது கண்ணில் பக்கப் பார்வை போய்விட்டது, வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது. சொட்டு மருந்து இருப்பதைக் காப்பாற்றும், போனது திரும்பாது, வண்டி ஓட்டுவதை விட்டுவிடுங்கள் என்றார். வரும் வழியில் இவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"முதலாளி காதுக்குப் போச்சுன்னா பதினெட்டு வருஷ வேலை போச்சு."

நானும் வாயை மூடிக்கொண்டேன். இடது பக்கம் வைத்த டம்ளர் தினமும் உருண்டது, வலது பக்கம் வைக்கப் பழகினேன். கதவு நிலையில் இவர் தோள் இடித்தால், "என்ன அவசரம் உங்களுக்கு?" என்று நானே காரணம் எடுத்துக்கொடுத்தேன். இந்தத் தெருக்களெல்லாம் மனப்பாடம், கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுவார் என்று மனசுக்குச் சமாதானம் வேறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்றால் அது சரி.

ஒத்திகைக்கு வயசானவர்கள் யாரும் இறங்கி வரவில்லை. "எங்கள வச்சு வேடிக்கை காட்டறீங்களா?" என்று ஒரே முறைப்பு. நர்ஸ் அக்கா அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை.

"சரி, நீங்க வரவேண்டாம். உங்களுக்குப் பதிலா உங்க நாற்காலியக் குடுங்க."

நடக்க முடியாதவர்கள் பதினான்கு பேர். பதினான்கு வீட்டு வாசலில் பதினான்கு நாற்காலிகளைப் போட்டோம். ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணை எழுதி ஒட்டினேன். ஒன்பதாம் எண் டெய்லர் மாமாவுடையது. சர்க்கரையில் ஒரு கால் போனபின் தையல் மெஷினை விட்டவர். அவர் கையாலேயே தைத்த நீல மெத்தை அந்த நாற்காலியில் இருந்தது. அவரோ மாடி வராந்தாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, எங்கள் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரொட்டித் தட்டுகளைக் கழற்றிவிட்டு வண்டியைக் கொண்டுவந்தார் என் வீட்டுக்காரர். எட்டு வீட்டு நாற்காலிகளை ஏற்றும் வரை ஒரு குறையும் இல்லை. எனக்கே மூச்சு சீராக வர ஆரம்பித்தது. ஒன்பதாவது வீட்டுக்கு முன்னால் சந்து குறுகல், ரிவர்ஸ் எடுக்கவேண்டும். எடுத்தார். வண்டியின் இடது பின்பக்கம் நேராக நாற்காலியின் மேல் ஏறியது. இவர் நிறுத்தவில்லை. மெக்கானிக் ஓடிப்போய் வண்டியைத் தட்டிய பிறகுதான் நின்றது. நீல மெத்தை சக்கரத்துக்கு அடியில் கிடந்தது.

மேலேயிருந்து டெய்லர் மாமா சத்தம் போட்டார்.

"அடப்பாவி மாப்ள! நான் செத்துட்டனாடா?"

தெருவே சிரித்தது. "யானைக்கும் அடி சறுக்கும்ணே, விடுங்க" என்று மெக்கானிக் இவர் முதுகில் தட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால் உடைந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தப் பார்த்தேன், அது நிற்கவில்லை. நான் எழுதிய ஒன்பது என்ற எண்ணின்மேல் டயர் தடம் இருந்தது.

மீதி நாற்காலிகளும் ஏறி முடிந்ததும் நர்ஸ் அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். "நாப்பத்திரண்டு நிமிஷம். ரொம்ப ஜாஸ்தி. நாலு மணிக்கு இன்னொரு தடவ பண்ணுவோம். தங்கச்சி, அதுக்குள்ள பட்டியல முடிச்சுக் குடுத்துரு. செவ்வாய்க்கிழமை நல்ல மழைங்கறாங்க."

கடைக்குப் போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஹால், மருந்து, கயிறு எல்லாம் முடிந்தது. வண்டி என்ற இடத்தில் இவர் பெயர் இருந்தது. அழித்தேன், திரும்ப அடித்தேன், மறுபடி அழித்தேன். இந்தப் பெயரை எடுத்தால் வண்டி போகும், வண்டி போனால் பதினான்கு பேரின் கதி என்ன? எடுக்காவிட்டால்? டெய்லர் மாமா கேட்ட கேள்வி காதிலேயே நின்றது.

இரண்டு மணிக்கு இவர் வந்தார். வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார்.

"நாற்காலிய அவ்வளவு தள்ளிப் போட்டா யாரா இருந்தாலும் இடிக்கத்தான் செய்வாங்க. கொஞ்சம் சுவரோட ஒட்டிப் போடச் சொல்லு."

நான் எழுந்து அவருடைய இடது பக்கம் போய் நின்றேன். கையைத் தூக்கி அவர் காதுக்குப் பக்கத்தில் ஆட்டினேன். அவர் வாசலையே பார்த்துச் சந்தின் அகலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். மெதுவாகக் காதைத் தொட்டேன். தூக்கிவாரிப்போட்டது அவருக்கு.

"எவ்வளவு நேரமா இங்க நிக்கறே?"

"நீங்க சுவரப் பத்திப் பேசினதுலேர்ந்து."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

"அது மாமாவா இருந்திருந்தா என்னங்க பண்ணியிருப்போம்? தினமும் ரொட்டி கொண்டுபோற வழியில எத்தன பேர் நடக்கறாங்க? மூணு மாசமா நானும் சேர்ந்துதானே மறைச்சேன்? இனிமே என்னால முடியாது. நான் போய் முதலாளிகிட்டச் சொல்லப்போறேன்."

அவர் சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துப் பார்த்தார்.

"நீ போகாத. சொல்லவேண்டியவன் நான்."

அவர் போனபின் மணி நகரவே இல்லை. வாசலுக்கும் மேஜைக்கும் எத்தனை தடவை நடந்தேனோ. மூன்றரை வரை ஒரு தகவலும் இல்லை, போன் போட்டால் எடுக்கவில்லை. டிரைவர் பெயர் இருந்த இடத்தைக் காலியாக விட்டே பிரதி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தெருமுனையில் ரொட்டி வண்டி திரும்பியது. ஓட்டிக்கொண்டிருந்தவர் முதலாளி. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, மாட்டுச் சந்தையில் தொலைந்துபோனவர் மாதிரி முழித்துக்கொண்டிருந்தார். வண்டியில் இவர் இல்லை.

"அக்கா, இவரு எங்க?"

நர்ஸ் அக்கா எங்கள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

இவர் வந்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டு மர நாற்காலி அவர் தலைமேல் இருந்தது. இடது தோள் சுவரில் உரசியபடி மெதுவாக நடந்து வந்து, மெக்கானிக் கால் கட்டி நிறுத்தியிருந்த ஒன்பதாம் எண் நாற்காலிக்குப் பக்கத்தில் அதைப் போட்டார். டெய்லர் மாமா மேலேயிருந்து குனிந்து பார்த்தார்.

"என் பக்கத்துலயா மாப்ள? இந்தத் தடவ மோதாம உக்காரு."

இவர் சிரிக்க முயன்றார், வரவில்லை. நான் கிட்டே போனேன்.

"வேலை என்னாச்சுங்க?"

"நாளைக்கு வரச் சொல்லியிருக்காரு. எதுக்குன்னு சொல்லல." பிறகு கையை நீட்டினார். "சீட்டு எங்க? பதினஞ்சுன்னு எழுதிக் குடு. இருட்டுல தண்ணி வந்தா என்னையும் யாராவது கூட்டிட்டுத்தானே போகணும்?"

எழுதி ஒட்டினேன். நர்ஸ் அக்கா விசில் ஊதினார், வண்டி முதல் வீட்டிலிருந்து கிளம்பியது. இவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அவருடைய இடது பக்கம் நின்றுகொண்டேன்.