கார்ட்டின் கடைசி எட்டு இடம்

அந்த விதியைப் போட்டவன் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மற்றதைச் சொல்லத்தான் இவ்வளவு காலமாக வாய் வரவில்லை.

1981. திருகோணமலைத் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களிலிருந்து உரமூடைகளை பார்ஜில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவரும் கம்பனியொன்றில் எனக்கு வேலை. பார்ஜ் என்றால் எஞ்சின் இல்லாத, இழுத்துக்கொண்டு போகிற தட்டையான இரும்புப் படகு. எந்த பார்ஜில் எத்தனை மூடை ஏற்றலாம் என்று தினமும் காலையில் கொம்பியூட்டர் ஒரு தாள் அடித்துத் தரும். அந்தக் கொம்பியூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவன் நான். மனேஜருக்கே காற்றாடிதான், லிங்கநகரிலிருந்து சைக்கிளில் வருகிற இந்த றொபேட்டுக்கு ஏசி அறை. தலைக்கனம் இல்லாமல் எப்படி இருக்கும்?

அந்தக் காலத்தில் புரோகிராம் என்பது ஒரு கார்ட்டுக் கட்டு. ஒரு கார்ட்டில் ஒரு வரி, ஓட்டை ஓட்டையாக. வலது ஓரத்தில் எட்டு இடம் மிஞ்சும், அதைக் கொம்பியூட்டர் படிக்காது. கார்ட்டைக் கடைசியாக அடித்தவர் தன் முதலெழுத்துகளையும் வருடத்தையும் அந்த இடத்தில் அடித்துவிட வேண்டும். இதுதான் என் விதி. பிழை வந்தால் அந்தக் கார்ட்டை உருவி எடுத்து, ஓரத்தைப் பார்த்து, திங்கட்கிழமை காலையில் எல்லார் முன்னாலும் பெயரை வாசிப்பேன். கார்ட் அடிக்கிற பெட்டைகளின் முகம் வெளிறிப்போவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

நஜ்முன் நிஸா கிண்ணியாவிலிருந்து பாதைப் படகேறி வேலைக்கு வருகிறவள். நாலு வருடத்தில் அவள் பெயரை ஒரு திங்கட்கிழமைகூட வாசிக்கக் கிடைக்கவில்லை. அதிலும் எனக்கு எரிச்சல்தான்.

முந்திய நவம்பர் மழையில் மூன்று நாள் கரண்ட் இல்லை. ஏசி நின்றுபோக, கடற்காற்றின் ஈரத்தில் கார்ட்டுகள் நமத்த அப்பளம்போல் ஊதிவிட்டன. கார்ட் படிக்கிற மெசின் அவற்றை விழுங்க மாட்டேன் என்றது. எழுநூறு கார்ட்டையும் புதிதாக அடிக்கும்படி நிஸாவிடம் கொடுத்தேன். அடிக்கிற மெசினில் பழைய கார்ட்டைக் கையால் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் அதே ஓட்டைகள் புதுக் கார்ட்டில் விழும். அதில் யோசிக்க எதுவுமில்லை.

"சேர், நான் பிரதிதானே எடுக்கிறன். ஓரத்தில பழைய ஆக்கள்ட எழுத்தையே உட்டுடட்டா?" என்று கேட்டாள்.

"ஆர் கை வைச்சாலும் அவையின்ர பேர்தான். விதி எண்டால் விதி," என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போய், எழுநூறிலும் தன் எழுத்தை அடித்தாள். அதில் ஐந்நூறு அதுவரை என் பெயரில் இருந்தவை. பழையதை எறியச் சொன்னேன். வெறும் பின்பக்கம் வீணாகிறதே என்று, பிள்ளைகள் எழுதிப் பழகப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

தை மாதம், இரண்டு வருடமாகத் திருத்த வேலைக்காகக் கரையேறி நின்ற நாலாம் பார்ஜைத் திரும்பத் தண்ணீரில் இறக்கினார்கள். அன்று காலை கப்பலடியிலிருந்து பார்ஜ் ஆட்களின் தலைவரான தண்டல் வயர்லெசில் கூப்பிட்டார். தண்ணீர் விளிம்புக்கு வந்துவிட்டது, இன்னும் ஏற்றவா என்று கேட்டார். தாள் என்ன சொல்கிறது என்று கேட்டேன். ஆயிரத்து இருநூறு மூடை என்றார். பிறகென்ன கேள்வி, ஏற்றுங்கோ என்று வைத்துவிட்டேன்.

பாதி வழியில் காற்றுக்கு பார்ஜ் கவிழ்ந்தது. நாலு பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். கூட இருந்த முத்தலிப் மூடைகளுக்கு அடியில் போய்விட்டான். அவன் வீடு நிஸாவின் பக்கத்து வீடு.

நான் கதவைப் பூட்டிக்கொண்டு அந்த வரியைத் தேடினேன். நாலாம் பார்ஜுக்குத் தொள்ளாயிரம் என்று இருக்க வேண்டியது. 1979இல் ஐந்தாம் பார்ஜின் அளவைப் பார்த்து ஆயிரத்து இருநூறு என்று எழுதியவன் நான். பார்ஜ் கரையில் கிடந்ததால் பிழையும் சும்மா கிடந்திருக்கிறது. ஓரத்தைப் பார்த்தேன். நிஸாவின் எழுத்து. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒருவன் செத்துக் கிடக்கிறான், நான் சந்தோசப்பட்டேன்.

கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர் விசாரணைக்கு வருவதாக அறிவித்தார்கள். கார்ட்டில் யார் பெயர் என்ற கதை அதற்குள் பாதைப் படகேறிக் கிண்ணியாவுக்கும் போய்விட்டது. விசாரணைக்கு முதல் நாள் மத்தியானம் நிஸா என் அறைக்கு வந்து ஒரு பழைய கார்ட்டை மேசையில் வைத்தாள். அதே வரி, ஆயிரத்து இருநூறு. ஓரத்தில் என் எழுத்து, 1979. திருப்பினேன். பின்பக்கம் முழுக்க ஒரு குழந்தை பென்சிலால் 'அ' எழுதிப் பழகியிருந்தது, கோணல் கோணலாக.

அவள் கார்ட்டுகளைக் கொடுத்த பக்கத்து வீடு முத்தலிப்பின் வீடு. மௌத்து விழுந்த சாவு வீட்டுக்குப் போய், தரையில் உட்கார்ந்து எழுநூறு கார்ட்டையும் கிளறி எடுத்திருக்கிறாள். முத்தலிப்பின் மனைவி ரபீக்கா கார்ட்டுப் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டாளாம்.

"வேல போனாப் போகட்டும் சேர்," என்றாள் நிஸா. "நான் அந்த மனிசிர முகத்தில முழிக்கணும். இது நான் செய்யல்ல எண்டு மட்டும் நீங்க சொல்லிப்போடுங்க."

"தாரும். நான் பார்த்துக்கொள்ளுறன்," என்றேன்.

அவள் நம்பினாள். நாலு வருடத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் போனதும் கோந்துப் போத்தலை எடுத்தேன். கார்ட்டின் பின்பக்கம் முழுவதும் பூசி, என் அறிக்கைத் தாளில் அழுத்தி ஒட்டினேன். 'அ' எல்லாம் உள்ளே போய்விட்டது.

விசாரணையில் அந்தத் தாளை நானே பெரியவர் முன் வைத்தேன். இந்தப் பெண் தப்புவதற்காக என் எழுத்தைப் போட்டு ஒரு பொய்க் கார்ட் அடித்திருக்கிறாள், இவளுக்கு அது அரை நிமிட வேலை என்று இங்கிலீசில் சொன்னேன். புதிதாக அடித்த கார்ட் ஏன் ஊதியிருக்கிறது என்று கேட்க அவருக்குத் தெரியவில்லை. நிஸா ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அத உரிச்சுப் பாக்கச் சொல்லுங்க சேர். பின்னால இருக்கிறது முத்தலிப்ட புள்ளைர எழுத்து," என்றாள்.

பெரியவருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறாள் என்று என்னிடம் கேட்டார். பிழையை ஒத்துக்கொள்கிறாள் என்றேன்.

அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். கிண்ணியாவில் ஊரார் அவள் வாசலில் உரச்சாக்கைக் கொண்டுவந்து போட்டார்களாம். ஒரு மாதத்துக்குள் நிஸாவும் அவள் தாயும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் விசாரித்துப் பார்க்கவில்லை.

அவளுடைய கதிரைக்கு சீலா என்று ஒரு பெட்டை வந்தாள். முதல் நாளே அவளிடம், நாலாம் பார்ஜின் வரியைத் தொள்ளாயிரம் என்று திருத்தி அடிக்கக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் எந்தக் கார்ட்டிலும் கை வைப்பதில்லை.

"எழுதித் தந்தது நீங்கள்தானே சேர், ஓரத்தில ஆற்ற பேரைப் போடுறது?" என்று கேட்டாள்.

"உம்மட பேரை."

அடித்தாள். பழைய கார்ட்டைக் கையில் எடுத்து, ஓரத்தில் இருந்த எழுத்தை எழுத்துக்கூட்டிப் பார்த்தாள்.

"இவதானா சேர் அந்த மனிசனைச் சாகடிச்சது?"

"ஓம்," என்றேன்.