தேய்மானத்தில் மிச்சம் பிடித்தவர்

அட்டைப்பெட்டி செய்யும் அந்தக் கம்பெனியில் விற்பனை மேலாளரை எல்லோரும் 'டார்கெட்' என்றுதான் சொல்வார்கள். அவர் காதில் விழும் தூரத்தில் மட்டும் பின்னால் ஒரு 'சார்' ஒட்டிக்கொள்ளும். பதினோரு வருடமாக விற்றுக் குவித்தவர். விற்ற சரக்குக்குப் பணம் வந்ததா என்று கேட்டால், அது கணக்குப் பிரிவின் கவலை என்பார். இப்போது பொது மேலாளர் நாற்காலி காலியாகியிருந்தது. அதில் உட்காரத் தன்னை விட்டால் ஆளில்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. முதலாளிக்குத்தான் கொஞ்சம் இருந்தது.

முதலாளி இரண்டு நிபந்தனைகள் வைத்தார். வரவு செலவுக் கணக்கைப் படிக்கக் கற்றுக்கொண்டு வர வேண்டும். அடுத்த வருட பட்ஜெட்டில் பன்னிரண்டு லட்சம் குறைத்துக் காட்ட வேண்டும். செய்தால் நாற்காலியும், மாதம் இருபதாயிரம் சம்பள உயர்வும்.

கம்பெனி செலவில் டார்கெட் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனார். கணக்குத் தெரியாத மேலாளர்களுக்குக் கணக்கு சொல்லித்தரும் வகுப்பு. நாற்பது பேர் வந்திருந்தார்கள். தனக்கு ஒன்றும் தெரியாது என்பது பக்கத்து நாற்காலிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதில் நாற்பது பேருமே கவனமாக இருந்ததால், இரண்டு நாளும் ஒரு கேள்விகூட எழவில்லை. வகுப்பு அருமையாக நடந்ததாக எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் மதியம் தேய்மானம் பற்றிய பாடம் ஓடியபோது, டார்கெட் வராந்தாவில் நின்று போனில் எட்டாயிரம் பெட்டிக்கு ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தார். சான்றிதழில் அந்த விவரம் இல்லை.

திரும்பி வந்ததும் சிவப்புப் பேனாவோடு பட்ஜெட்டில் இறங்கினார். கேன்டீனில் கை வைத்தார். தொழிலாளர்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். பெட்ரோல் படியில் கை வைத்தார். அவருடைய விற்பனை ஆட்களே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு செலவுக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். ஒரே ஒரு வரிக்கு மட்டும் பரிந்து பேச ஈ காக்காய் வரவில்லை. தேய்மானம், இருபத்துநாலு லட்சம்.

கணக்கு அதிகாரியான அம்மாளைக் கூப்பிட்டார்.

"இந்தத் தேய்மானம் யாருக்கு மேடம் போகுது?"

"யாருக்கும் போகாது சார்."

"யாருக்குமே போகாத செலவுக்கா இருபத்துநாலு லட்சம் எழுதி வச்சிருக்கீங்க?"

அந்த அம்மாள் பொறுமையாக விளக்கினார். மெஷின்களுக்குப் பணம் கொடுத்து நாலு வருடமாகிறது. அந்த விலையைத்தான் மெஷின் உழைக்கும் வருடங்களுக்குப் பங்கு போட்டு, வருடாவருடம் செலவாக எழுதுகிறோம். இப்போது கையைவிட்டு எதுவும் போவதில்லை. வாடிக்கையாளர் புகாரைக் கேட்கும்போது வைத்துக்கொள்ளும் அதே முகத்தோடு டார்கெட் தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. மெஷின்களை யாரோ முரட்டுத்தனமாக ஓட்டித் தேய்க்கிறார்கள்.

மறுநாள் காலை உற்பத்திப் பிரிவுக்குச் சுற்றறிக்கை போனது. மெஷின்களைப் பதமாகக் கையாள வேண்டும். தினமும் இரண்டு வேளை எண்ணெய். ஓடாத நேரத்தில் துணி போட்டு மூட வேண்டும். கட்டிங் மெஷின் ஓட்டுபவர் அதை இரண்டு முறை படித்துப் பார்த்தார்.

"செருப்புத் தேயுதுன்னா கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு நடன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை முதலாளியின் அறையில் டார்கெட் பட்ஜெட்டை விரித்தார். மேலான பராமரிப்பால் தேய்மானம் சரிபாதி. மிச்சம் பன்னிரண்டு லட்சம். ஒரு ஆளைக் குறைக்கவில்லை, ஒரு டீயைக் குறைக்கவில்லை.

முதலாளி கணக்கு அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"புத்தகத்துல எழுதுறதைப் பாதியாக்கினா லாபம் கூடித் தெரியும் சார். பணப்பெட்டியில ஒரு பைசாகூட ஏறாது" என்றார் அவர்.

"லாபம் கூடும்னு மேடமே சொல்லிட்டாங்க" என்றார் டார்கெட்.

ஒரேயொரு பழைய மெஷினோடு தொழிலைத் தொடங்கியவர் முதலாளி. எந்தப் பயிற்சிக்கும் போனதில்லை. பட்ஜெட் காகிதத்தை மடித்து வைத்தார்.

"நாற்காலி உங்களுக்குத்தான். வியாபாரம் கொண்டு வர்ற ஆளை நான் விட முடியாது. சம்பள உயர்வை மட்டும், நீங்க மிச்சம் பண்ணுன அந்தப் பன்னெண்டு லட்சத்துலேருந்தே எடுத்துக்கங்க. அதுல வேற யாரும் கை வைக்க மாட்டாங்க, நான் பொறுப்பு."

சந்தோஷத்தில் டார்கெட்டுக்குத் தலைகால் புரியவில்லை. வருடத்துக்குத் தனக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் போனாலும், கம்பெனிக்கு ஒன்பது லட்சத்துக்கு மேல் விட்டுவைக்கிறோம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது, தன் பெருந்தன்மை அவருக்கே மலைப்பாக இருந்தது. மனைவியிடம் சொல்லி, தவணையில் புது சோபாவும் வாங்கியாயிற்று.

மாதக் கடைசியில் வங்கியிலிருந்து செய்தி வந்தது. பழைய சம்பளம். பைசா மாறவில்லை. நேராகக் கணக்குப் பிரிவுக்குப் போனார்.

"உங்க உயர்வை எழுதியாச்சே சார்" என்று கணக்கு அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினார். அவர் பெயர், இருபதாயிரம், எதிரில் 'தேய்மான மிச்சத்திலிருந்து' என்று சுத்தமாக ஒரு வரி. "முதலாளி எப்படிச் சொன்னாரோ அப்படியே."

"பேங்குக்கு வரலையே மேடம்?"

"அந்த மிச்சம் பேங்குல இல்லையே சார்."

"அப்ப எங்க இருக்கு?"

"பிடிச்சது நீங்கதானே. உங்ககிட்டதான் இருக்கணும்."

பொது மேலாளர் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். நாலு வருடத்துக்கு முன்பே போய்விட்ட பணம் எது, வராமலே போகும் பணம் எது என்பது அப்போதுதான், வராந்தாவுக்குப் போக வழியில்லாத இடத்தில், அவருக்குப் பிடிபட்டது. பக்கத்து மேஜைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், அன்னிக்கு முதலாளி சிரிச்சாரா?"

"இல்ல சார்" என்றார் அவர். "நீங்க வெளிய போய்க் கதவைச் சாத்துற வரைக்கும் இல்ல."