டியூப்லைட்டில் சாம்பல்

இப்போது நெட்டையின் அலமாரியில் பாவாடைகளும் ரவிக்கைகளும் நெருக்கியடித்துக்கொண்டு தொங்குகின்றன. கதவைத் திறந்தால் ஒன்றாவது காலடியில் விழும். ஆனாலும் அவள் மனசு ஏங்குவது அலமாரி பாதி காலியாக இருந்த அந்த ஒரு வருஷத்துக்குத்தான். தொங்கிய ஒவ்வொரு துணியும் ஒரு சதித்திட்டமாக இருந்த வருஷம் அது.

அப்போது உறவும் ஊரும் அவளை ஆண்பிள்ளை என்றே நம்பிக்கொண்டிருந்தன. தம்பி, சார், அண்ணே என்று ஆளுக்கொன்றாக அழைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் விழுந்த நெட்டை என்ற பட்டப்பெயர் மட்டும்தான் எந்தப் பக்கத்திலும் செல்லுபடியானது. அதனால் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

பெயிண்ட் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் வேலை. வண்ண அட்டைகளை வெட்டி, ஒட்டி, மாதிரியோடு ஒத்துப் பார்க்க வேண்டும். என்றைக்காவது ஒருநாள் பெண்ணாகவே உடுத்தி அந்த அலுவலக வாசலில் நுழைய வேண்டும் என்பது அவள் ஆசை. வேலை போகக் கூடாது. யாரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயவும் கூடாது. பழைய சுவரில் நேரடியாகப் புது வண்ணம் அடித்தால் திட்டுத் திட்டாகத்தான் தெரியும். முதலில் ப்ரைமர் என்ற அடிப்பூச்சு. அது காய வேண்டும். அப்புறம்தான் மற்றதெல்லாம். ஆணுடையா பெண்ணுடையா என்று பார்ப்பவர்கள் முடிவுக்கு வருவதற்குள் கடந்து போய்விடக்கூடிய துணிகள்தான் அவளுடைய ப்ரைமர்.

அந்தத் துணிகள் அவளுக்குப் புதிதும் அல்ல. சின்ன வயதில் அக்காவுக்குச் சிறுத்துப்போன பாவாடைகளை அம்மா உள்புறம் வெளியே வரும்படி வெட்டி இவளுக்கு அரைக்கால் சட்டை தைத்துவிடுவாள். வெளியே பார்க்க அசல் பையன் உடுப்பு. பாக்கெட்டுக்குள் கைவிட்டால் உள்பக்கம் ரோஜாப்பூ. அந்த வீட்டில் துணிக்கு அளவு மட்டும்தான் உண்டு, வேறு பேதம் கிடையாது. பள்ளியில் மற்ற பையன்கள் பாக்கெட்டில் கோலி வைத்திருந்தார்கள். இவள் தோட்டமே வைத்திருந்தாள்.

முதலில் தொளதொளவென்ற அகலக் கால்சட்டை வந்தது. பிறகு மெல்லிய வாருள்ள செருப்பு. பிறகு தோளில் குறுக்காக மாட்டும் துணிப்பை. கடைசியாக, பெண்கள் பிரிவில், "தங்கச்சிக்கு" என்று சொல்லி வாங்கிய அந்தச் சட்டை. நின்ற காலர், இடுப்பில் லேசான ஒடுக்கம், பெண்கள் சட்டைக்கே உரியபடி பொத்தான் இடது பக்கம்.

அலுவலகத்தின் மூலையில் விளக்குப் பெட்டி ஒன்று உண்டு. உள்ளே பகல் வெளிச்சம், டியூப்லைட், மஞ்சள் பல்பு மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு வண்ணம் சோதிப்பார்கள். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாக இருக்கும் நிறம் இன்னொன்றில் காலை வாரிவிடும். சாப்பாட்டு இடைவேளையில் நெட்டை சட்டையை அதற்குள் விரித்தாள். டியூப்லைட்டில் தாசில்தார் கோப்பு மாதிரி சாம்பல். பகல் வெளிச்சத்தில் வெட்கப்பட்டு லாவண்டரானது. மஞ்சள் பல்பில் இன்னும் அழுத்தமான லாவண்டர்.

"ஆபீஸுக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு. நல்லாத்தான் பொறுக்கியிருக்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வண்ணம் கலக்கும் பிரிவு அக்கா. கையில் சாப்பாட்டு டப்பா.

நெட்டை அவசரமாகச் சட்டையைச் சுருட்டினாள். "தங்கச்சிக்கு, அக்கா."

"உனக்கு ஏது தங்கச்சி? கூடப்பிறந்தது ஒரே ஒரு அக்கா. அதுவும் கல்யாணமாகிப் போயிடுச்சு." அக்கா சட்டையின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தாள். "தையல் பிரியுது. கொடு, போட்டுத் தரேன். இதுக்கெல்லாம் முகத்த அப்படி வச்சுக்காத."

அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

கிளை மேலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெறும் வெள்ளைக்கு "வெண்கொற்றக் குடை" என்றும் அழுக்குப் பழுப்புக்கு "பட்டத்து யானை" என்றும் பெயர் வைத்தவர் அவர். பேசும்போது வலது கை தானாக உயரும், எதிரே படை நிற்பதைப்போல. ஒருநாள் டியூப்லைட் எரியும் நடைபாதையில் நெட்டையை நிறுத்திவைத்து மேலும் கீழும் பார்த்தார். அவள் துணிப்பையை இழுத்து இடுப்பை மறைத்தாள்.

"கம்பீரம்!" என்றார். "இதுதான்யா கம்பீரம். அந்தக் காலர் நிக்கிற நிலையைப் பாரு. தம்பி, இந்தச் சட்டைய நாளைக்கு எடுத்துட்டு வா. தையல்காரர்கிட்ட மாதிரிக்குக் கொடுக்கணும்."

மறுக்க வழியில்லை. அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் உத்தரவு தொங்கியது: ஆண் ஊழியர் அனைவருக்கும் இனி இந்த மாதிரிச் சட்டையே சீருடை, அலுவலகத்துக்கு வந்து மாற்றிக்கொள்ள வேண்டும். பெண்கள் விருப்பம்போல் உடுத்தலாம்.

திங்கட்கிழமை அலுவலகம் முழுக்க அவள் சட்டை. தையல்காரர் நேர்மையானவர், அதே துணியைத் தேடிப் பிடித்திருந்தார், இடுப்பு ஒடுக்கத்தையும் விடவில்லை, இடதுபக்கப் பொத்தானையும் விடவில்லை. விற்பனைப் பிரிவு ஆட்கள் பொத்தான் போடத் தெரியாமல் திண்டாடினார்கள். தொந்தியுள்ள காசாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டே அரைநாள் ஓட்டினார்.

"இம்போர்ட்டட் கட்டுய்யா, பழகிடும்" என்றார் மேலாளர். பிறகு நெட்டையின் தோளில் ஓங்கித் தட்டினார். "ஆம்பளைன்னா எப்படி உடுத்தணும்னு இந்தத் தம்பி நமக்குக் காட்டிட்டான்!"

எல்லோரும் கை தட்டினார்கள்.

கலவை அறையில் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நெட்டை சிரிக்கவில்லை. "ஒரு வருஷமா பாத்துப் பாத்துச் சேத்தேன்க்கா. ஒரே நாள்ல ஆம்பள டிரஸ் ஆக்கிட்டாங்க. இதுக்கு நான் காக்கி பேண்ட்டே போட்டிருக்கலாம்."

அக்கா சிரிப்பை நிறுத்தினாள். "நீ நடுவுல நின்னுக்கிட்டே இருந்தா, எவனாவது வந்து அவன் பக்கம் இழுத்துட்டுத்தான் போவான்."

புதன்கிழமை, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பக் குழுப்படம். மேலாளர் பொன்னாடை போர்த்தியவர்போல நடந்துபோய் வாசலில் வெயிலில் நின்றார். ஆண்கள் அவர் பின்னால் வரிசை கட்டினார்கள். சூரியன் தன் வேலையைச் செய்தது. மொத்த வரிசையும் லாவண்டர்.

தெருவில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார். "என்னங்க, நாடகமா?"

வண்ணம் விற்கும் கம்பெனியில், அத்தனை நிபுணர்கள் மத்தியில், ஒருவருக்கும் அந்தத் துணியை வாசலுக்கு எடுத்துவந்து பார்க்கத் தோன்றவில்லை. மேலாளர் தன் கையைப் பார்த்தார், தொந்தியைப் பார்த்தார். "வெயில்தான் சரியில்ல" என்று தீர்ப்பளித்தார். படம் மறுநாள் காலை, உள்ளே, டியூப்லைட்டின் கீழ்.

மறுநாள் காலை நெட்டை அலமாரியின் முன்னால் நின்றாள். தையல்காரரிடமிருந்து திரும்பி வந்த சட்டை தயாராகத் தொங்கியது. அதை மாட்டினால் இன்னும் பல வருஷம் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பின்வரிசையில் ஒரு தம்பியாக நிற்கலாம். அதற்குப் பின்னால் மடித்துவைத்திருந்த நீலப் பாவாடையை எடுத்தாள். வாங்கிய நாளிலிருந்து கண்ணாடியைத் தவிர யாரும் பார்க்காத பாவாடை.

தேய்த்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றாள். அம்மா எதையும் கேட்டதே இல்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். இன்றும் கேட்கவில்லை. பாவாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணி தெளிச்சுத் தேய், சுருக்கம் போகல" என்றாள். கதவுவரை போய்த் திரும்பினாள். "சாயங்காலம் நேரா வீட்டுக்கு வந்துடுவ இல்ல?"

"வந்துடுவேம்மா."

அலுவலகக் கூடத்தில் எல்லோரும் நின்றிருந்தார்கள். அவள் நீலப் பாவாடையோடு நுழைந்தாள். விற்பனைப் பிரிவில் யாரோ ஒருவன் சிரித்தான். பக்கத்திலிருந்தவன் சேர்ந்துகொள்ளாததால் பாதியில் விட்டான். மேலாளரின் வலது கை உயர்ந்தது. உயர்ந்த இடத்திலேயே நின்றது.

"என்ன தம்பி இது? சீருடை எங்க?"

நெட்டை பாவாடையை நீவிவிட்டாள். "உத்தரவு ஆம்பளைங்களுக்குத்தான சார் போட்டிருக்கீங்க. நான் அதுல வர மாட்டேன். எப்பவுமே வந்ததில்ல."

மேலாளர் வாயைத் திறந்தார். அவர் வைத்திருந்த அத்தனை பெயர்களிலும் இதற்குப் பொருத்தமானது ஒன்றும் அகப்படவில்லை.

புகைப்படக்காரருக்கு இன்னொரு வேலை காத்திருந்தது. கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சத்தம் போட்டார். "சார், சீருடையெல்லாம் பின்னாடி நில்லுங்க. சீருடை இல்லாதவங்க முன்னாடி நாற்காலியில உக்காருங்க. சீக்கிரம்!"

வெளியாள் முன்னால் மேலாளர் தன் உத்தரவைத் தானே மறுப்பதா? கை கீழே இறங்கியது. "அவர் சொல்றபடி செய்ங்க" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு, பின்வரிசைக்குப் போய்க் காசாளருக்கும் தூணுக்கும் நடுவில் நின்றார்.

நெட்டை நாற்காலியை நோக்கி நடந்தாள். காசாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு வெகுகாலம் அவர் அவளோடு பேசவில்லை. அக்கா தன் பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நெட்டை உட்கார்ந்தாள். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கால்களும் பழக்கதோஷத்தில் ஆளுக்கொரு திசையில் போயிருந்தன.

அக்கா கருவியைப் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அசையாமல் சொன்னாள்: "முட்டியச் சேத்து வைடீ. படம் ஹெட் ஆபீஸுக்குப் போகுது."