மலை இறங்காத கூந்தல்

மலை உச்சிச் செம்மேட்டிலிருந்து காலை ஆறே முக்கால் பஸ்ஸில் இருசாயி ஏறினால், முழங்காலைத் தொடும் அவள் முடி எழுபது வளைவுகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் நிற்கும்போது தலையில் ஒன்றுகூட இருக்காது. சாயங்கால பஸ்ஸில் திரும்பினால் வளைவுக்கு வளைவு முளைத்து, செம்மேட்டில் இறங்குவதற்குள் பழையபடி முழங்காலுக்கு வந்துவிடும். வலி இல்லை, அரிப்பு இல்லை. பதினோரு வருடமாக இப்படித்தான். இது தொடங்கிய வருடம் விடாத காய்ச்சலோடு நாமக்கல் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்து எழுந்தாள். காய்ச்சலுக்குப் பின்னால் முடி கொட்டுவது யாருக்கும் உள்ளதுதான், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டும், அப்புறம் தானாக வரும் என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பினார். அவர் சொன்னதில் கணக்கு மட்டும்தான் தவறியது. கொட்டுவதற்கு ஒன்றரை மணி நேரம், வருவதற்கு ஒன்றரை மணி நேரம்.

அவள் ஊர் இருக்கும் குண்டனி நாட்டில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பலா பழுக்கிறது, மிளகு கறுக்கிறது, இருசாயி இறங்கினால் முடி கொட்டுகிறது, அவ்வளவுதான். இருபத்தேழாவது வளைவுக் குருவிகள் நாருக்குப் பதில் முடியிலேயே கூடு கட்டப் பழகிவிட்டன. முப்பத்தாறாவது வளைவுக் குரங்கு ஒன்று ஒரு கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும். கண்டக்டர் அர்த்தனாரிக்கு இதனால் ஒரு வசதியும் இருந்தது. மார்கழிப் பனியில், கீழேயிருந்து எண்ணி எழுதிய வளைவின் எண் தெரியாமல் டிரைவர், "எங்கய்யா இருக்கறோம்?" என்று கேட்டால், அவர் திரும்பி இருசாயியின் தலையைப் பார்ப்பார். காது தெரிந்தால், "நாப்பத்தொண்ணு தாண்டிட்டோமுங்க" என்பார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

இருசாயிக்கும் இது ஒரு குறையாக இருந்ததில்லை, மகள் சண்முகப்பிரியாவுக்கு வரன் வருகிறவரைக்கும். மாப்பிள்ளை வீடு காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம். மாப்பிள்ளையின் தாத்தா காலத்தில் பிழைப்புக்காக மலையை விட்டு இறங்கியவர்கள். இறங்கியதிலிருந்து அந்த வீட்டு ஆண்களுக்கு முப்பது வயதில் தலை காலி. மாப்பிள்ளை சந்தோஷ்குமாருக்கு இருபத்தெட்டு. டைல்ஸ் ஒட்டுகிற வேலை, தங்கமான பையன், ஆனால் அனுப்பிய போட்டோ எல்லாவற்றிலும் தொப்பி. அவன் தாய் சுகுணா போர் தண்ணியைக் குற்றம் சொன்னாள், ஹெல்மெட்டைக் குற்றம் சொன்னாள், கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். மேலேயிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தால் பேரன் பேத்தி தலையாவது நிறைந்திருக்கும்.

தை மாதக் கடைசியில் பெண் பார்க்க வந்தவள் பெண்ணைப் பார்க்கவில்லை, பெண்ணின் அம்மாவைப் பார்த்தாள். "பொண்ணு வயசுல எல்லாருக்குந்தான் இருக்கும். பெத்தவளுக்கு நாப்பது தாண்டியும் இருக்குதா, அதைத்தான் பாக்கோணும்" என்றபடி இருசாயியின் பின்னலைக் கையில் எடுத்து எடை பார்த்து, இலேசாக ஒரு இழுப்பும் இழுத்தாள்.

"ஒட்டு முடி இல்லீங்க" என்றாள் இருசாயி.

"தெரியுதுங்க, தெரியுதுங்க. இது போதும் எனக்கு. வேற ஒண்ணும் நீங்க செய்ய வேண்டாம்."

கல்யாணம் வைகாசியில், கீழே மண்டபத்தில் என்று பேச்சு முடிந்தது. இருசாயியின் கணவன் மாதேஸ்வரன் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். இருசாயி அவனைப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு காப்பித் தம்ளரை எடுத்தான். சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும், ஒன்று சம்பந்தம், இல்லை சங்கடம்.

நான்கு மாதம் இருந்தது. இருசாயி வைத்தியத்தில் இறங்கினாள். புழுவெட்டுக்குத் தேய்க்கிற ஆற்றுத்தும்மட்டிக் காயை அறுத்துத் தேய்த்துப் பார்த்தாள். கரிசலாங்கண்ணியும் நெல்லியும் போட்டு எண்ணெய் காய்ச்சினாள். சின்ன வெங்காயச் சாறு பூசிக்கொண்டு பஸ் ஏறிய அன்று, நாற்றம் தாங்காமல் எல்லாரும் ஜன்னலைத் திறந்துவிட, காற்றில் இன்னும் சீக்கிரமாகப் போயிற்று. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினாள். காரவள்ளியில் அவிழ்த்தால் துணிக்குள் முடி மொத்தமும் பொட்டலமாகக் கிடந்தது. டவுனில் டோப்பா, அதாவது யாரோ ஒருத்தியின் முடி, வாங்கி வந்து வைத்துக்கொண்டு இறங்கினாள். அதுவும் முப்பத்துமூன்றில் உதிர ஆரம்பித்தது. வலை மட்டும் தலையில் மிஞ்சியது. எந்த ஊர்க்காரியின் முடியோ, அதற்கும் அந்த மலையை விட்டு இறங்க மனம் இல்லை.

நாமக்கல்லில் தோல் டாக்டரம்மா பொறுமையானவர். ரத்தத்தில் இரும்புச் சத்து, தைராய்டு எல்லாம் பார்த்தார். ஒன்றும் பெரிய குறைவில்லை. கீரை, பயறு சாப்பிடச் சொன்னார், தடவுவதற்கு மருந்து எழுதினார். "ஆரம்பத்துல ஒண்ணும் தெரியாது, பயந்து நிறுத்திடாதீங்க. நாலு மாசம் ஆறு மாசம் ஆகும். முடி விஷயத்துல அவசரப்படக் கூடாது" என்றார். இருசாயி செல்போனை நீட்டினாள். பின்னலோடு ஒரு போட்டோ.

"இது எப்ப எடுத்தது? உங்க கல்யாணத்துக்கு முன்னாடியா?"

"இன்னைக்குக் காலையில எடுத்ததுங்கம்மா. ஆறரை இருக்கும்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். நேரத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், வழுக்கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுதிய சீட்டைத் திரும்ப வாங்கி, கீரையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடித்தார். "எனக்குத் தெரிஞ்ச நோய்ல இது இல்லைம்மா" என்று அவர் சொன்னது கோயிலில் பேசுகிற குரலாக இருந்தது. சேலத்தில் வேறு ஒரு இடத்தில், பின்னந்தலை முடியை எடுத்து முன்னால் நடலாம் என்றார்கள். அங்கே போய்ச் சேரும்போது பின்னந்தலையிலும் ஒன்றும் இல்லாததால் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

வைகாசி பிறந்தது. கல்யாணத்தை நாற்பத்தைந்தாவது வளைவில் வைத்துக்கொண்டால் தோள் வரைக்குமாவது இருக்கும் என்று மாதேஸ்வரன் ஒரு யோசனை சொன்னான். அறுநூறு பேருக்கு அங்கே பந்தி எங்கே போடுவது, குரங்குக்கு யார் பதில் சொல்வது? மொட்டைத் தலையோடு பெண்ணின் அம்மா மணவறைக்குப் பக்கத்தில் நின்றால் கீழ்நாட்டு ஜனம் என்ன பேசும் என்பது இருசாயிக்குத் தெரியும். முடியைப் பார்த்துத்தான் பெண் எடுத்தார்கள். அது இல்லையென்றால் பெண்ணையும் வேண்டாம் என்பார்கள்.

"எனக்கு அம்மை போட்டிருக்குதுன்னு சொல்லிடுங்க. நான் ஊட்டுலயே இருந்துக்கறேன்" என்றாள் புருஷனிடம்.

சண்முகப்பிரியா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அப்ப எனக்கும் அம்மைதான். நானும் எறங்கல."

"ஏங் கண்ணு, வெளையாடற நேரமா இது?"

"நீ இல்லாம எனக்கு யாரு நலுங்கு வெப்பா? குரங்கா?"

முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலையில் பெண் வீட்டார் பஸ் கிளம்பியது. இருசாயி பச்சைப் பட்டு உடுத்தி, கொண்டை போட்டு, அதைச் சுற்றி மூன்று முழம் பூ வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பாட்டுப் போட்டிருந்தார்கள். எழுபதாவது வளைவில் கொண்டை அவிழ்ந்ததும் அர்த்தனாரி போய்ப் பாட்டை நிறுத்தினார். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இத்தனை வருடம் பார்த்தவர்கள்தான், ஆனால் சீவி முடித்துப் பூச்சூடிய முடி போவதை அவர்களும் பார்த்ததில்லை. வளைவுக்கு வளைவு அது பூவோடு சேர்ந்து ஜன்னல் வழியே நீளமாக இறங்கிப் பள்ளத்து மரங்களின் மேல் படிந்தது. மேகம் கீழே இருந்தது. முடி மேகத்துக்குள் போகும்போது சத்தமே இல்லை. சண்முகப்பிரியா அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள். முதல் வளைவில் கடைசி முடியும் பிரிந்தபோது கொண்டை ஊசிகள் இரண்டு மடியில் விழுந்தன. இருசாயி அவற்றைச் சுருக்குப் பையில் பத்திரப்படுத்தினாள், சாயங்காலம் தேவைப்படும் என்கிற மாதிரி.

காரவள்ளியில் புளியமரத்தடியில் சுகுணா ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். பெண்ணைப் பார்த்தாள், மாதேஸ்வரனைப் பார்த்தாள். பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பொண்ணோட அம்மா எங்கீங்க?"

"நாந்தானுங்க" என்றது எதிரில் நின்ற மொட்டைத் தலை.

சுகுணா மூக்குத்தியைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொண்டாள். "முடி?"

"மேல இருக்குதுங்க."

அங்கே கூட்டத்தில் எழுந்த பேச்சை எழுத வேண்டியதில்லை. சகுனம் என்றார்கள், சீக்கு என்றார்கள், ஏமாற்று என்றார்கள். சுகுணா தட்டைப் பிடித்தபடியே முன்னால் வந்தாள். "அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னங்க? இழுத்துக்கூடப் பாத்தனே!"

"சொல்லியிருக்கோணும். சொல்லாதது எந்தப்புத்தான். எம்பேச்ச நம்ப வேண்டாமுங்க, எங்கூட ஒரு இருவது வளைவு வாங்க. அப்பறம் நீங்க வேண்டாம்னு சொன்னா நான் இதே பஸ்ஸுல பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போயிடறேன்."

சுகுணா தட்டைக் கீழே வைக்க மறந்து அப்படியே பஸ் ஏறினாள். மற்ற எல்லாரும் புளியமரத்தடியில் நின்றுகொண்டார்கள். இரண்டு பெண்கள், டிரைவர், அர்த்தனாரி, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர் ஒரு தட்டு, ஓரத்தில் குங்குமம். பஸ் வட்டமடித்து மலைக்குத் திரும்பியது. ஒன்று, இரண்டு, மூன்று வரை ஒன்றும் இல்லை. நான்கில் தலையின் நிறம் மாறியது. "கையை வெச்சுப் பாருங்க" என்றாள் இருசாயி. சுகுணா உள்ளங்கையை வைத்தாள். ஐந்தாவது வளைவில் பஸ் திரும்பும்போது கைக்கு அடியில் எதுவோ அவளை மெல்ல மேலே தள்ளியது. கையை எடுக்க நினைத்தாள், முடியவில்லை. எட்டில் உள்ளங்கை முழுக்க மிளகாய் நாற்று முட்டுவது போல இருந்தது. பன்னிரண்டில் விரல்களுக்கு இடையில் ஏறி வந்தது. அவளுடைய மாமனார், புருஷன், மகன் மூன்று பேரின் தலையையும் தடவிக் கவலைப்பட்ட கை அது. பதினேழில் அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் அது துக்கம் இல்லை. இருபதில் அர்த்தனாரி, "இன்னும் ஓட்டலாமுங்களா?" என்று கேட்டார். இருபத்திரண்டில் அவள் "போதும்" என்றாள்.

அந்த வளைவிலேயே பஸ்ஸுக்குள் சம்பந்திக்கு ஆரத்தி சுற்றினாள். தன் விரலால் வகிடு பிரித்து, நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் குங்குமம் இட்டாள். பஸ் திரும்பி இறங்கியபோது முடி சுகுணாவின் மடியிலேயே வந்து விழுந்தது. அவள் அதைச் சேர்த்து அள்ளி, ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சமாக வெளியே விட்டாள். "அது இருக்கற எடத்துல இருக்கட்டும்" என்றாள். காரவள்ளியில் இருசாயி இறங்கியபோது தலையில் முடி இல்லை, வகிட்டுக் குங்குமம் மட்டும் ஒரு கோடாக நின்றது. கூட்டம் வழிவிட்டது. கூட்டத்தில் யாரோ எதையோ ஆரம்பிக்க, சுகுணா திரும்பி, "சம்பந்தியம்மா முடி மேல இருக்குது. இப்ப என்ன அதுக்கு?" என்றாள். மண்டபத்தில் அறுநூறு பேரிடமும் அதையே சொன்னாள், குடையை வீட்டில் வைத்துவிட்டு வந்ததைச் சொல்கிற மாதிரி. மறுநாள் காலை முகூர்த்தத்தில் இருசாயிதான் மகளுக்கு நலுங்கு வைத்தாள்.

மறுவீட்டுக்கு மலை ஏறியபோது சந்தோஷ்குமார் தொப்பியைக் கழற்றிவிட்டு, எழுபது வளைவும் கண்ணாடியைப் பார்த்தபடியே வந்தான். அவனுக்குக் கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை. பிறகு அந்த டாக்டரம்மா அவனுக்கு எழுதிக் கொடுத்த மருந்தை ஒழுங்காகத் தடவியதில், ஏழாவது மாதம் உச்சியில் கொஞ்சம் பூனை முடி வந்தது. அதில் அவனுக்குச் சந்தோஷம்தான். மகள் பிறந்தாள். பூங்குழலி என்று பெயர் வைத்தது சுகுணா. குழந்தையின் முடி ஏறினாலும் இறங்கினாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இப்போது மூன்று வயது. அம்மாயி இருசாயியின் மடியில் உட்கார்ந்து, கொட்டுகிற முடியைப் பிடித்துப் பிடித்து ஜன்னலில் விடுவது அவள் வேலை. ஒருநாள் காரவள்ளி டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு வழுக்கைத் தலைக்காரரை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கிட்டே போய், "அப்புச்சி, உங்க முடி எத்தனாவது வளைவுல இருக்குது?" என்று கேட்டாள்.

அவர் தம்ளரைக் கீழே வைத்து, தலையைத் தடவி, மலையை அண்ணாந்து பார்த்தார்.

"அறுவத்தி மூணுன்னு நெனைக்கறேன் கண்ணு" என்றார்.