இன்னும் ஜாவாக்காரி ஆகல

ஆறு வயது வரை என் மகள் வெனிங் அவள் அப்பாவின் தோளில்தான் வளர்ந்தாள். ஜாவாவின் சோலோ நகரத்தில் எங்கள் சந்து முழுக்க அவள் குரல் கேட்கும்: "அப்பா, நீ இங்க வா. எனக்கு முதுகு சொறிஞ்சு விடு."

என் நாத்தனார் ரெஜெகிக்கு அது பொறுக்கவில்லை. மரியாதை பழகாத பிள்ளையை 'இன்னும் ஜாவாக்காரர் ஆகல' என்பது எங்கள் ஊர் வழக்கம். "பொண்ணு இன்னும் ஜாவாக்காரி ஆகல. பள்ளிக்கூடம் போற வயசுல அப்பனை நீ வா போங்கிறா. உன்னைத்தான் கேப்பாங்க."

உண்மைதான், என்னைத்தான் கேட்பார்கள். அன்றிலிருந்து வெனிங் அப்பாவை 'நீ' என்றபோதெல்லாம் நான் கேலி செய்தேன். "ஐயோ, வெக்கமே இல்லாத பொண்ணு இது, பாருங்க அண்ணி." இருவரும் சிரிப்போம். வெனிங் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். மூன்று மாதத்தில் மரியாதைப் பேச்சு வந்துவிட்டது. பெரியவர்கள் முன்னால் குனிந்து நடந்தாள். என் கணவர் ஹர்யோகோ தோளில் தூக்குவதை நிறுத்திவிட்டார். அப்பா என்றால் எட்டித்தான் நிற்க வேண்டும் என்று அவரும் கற்றவர்தானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மேலதிகாரி குடும்பத்தோடு வந்திருந்தார். சர்க்கரை வாங்கப் போன வெனிங் திரும்பி வந்து, தேநீர்த் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக் குனிந்து கொடுத்தாள். "சாப்பிடுங்க ஐயா," என்று சிரித்தாள். பிறகு ஒன்றரை மணி நேரம் என் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் போன பிறகுதான் அவளுடைய நீளப் பாவாடை கெண்டைக்காலோடு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். சர்க்கரையோடு உள்ளே வரும்போது, வாசலில் அவர்கள் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய் சுட்டிருக்கிறது. உள்ளங்கை அளவுக்குத் தோல் வழன்றிருந்தது.

"ஏண்டி சொல்லல?"

"விருந்தாளிங்க இருந்தாங்களேம்மா."

"பாத்தியா," என்றாள் ரெஜெகி. "இப்பதான் நம்ம வீட்டுப் பொண்ணு." அவள் குரலில் பெருமை இருந்தது.

மருத்துவமனைக்குத் தூக்கிப் போக ஹர்யோகோ குனிந்தார். அவள் பின்வாங்கினாள். "வேண்டாங்க அப்பா. நானே நடக்கிறேன்." நொண்டிக்கொண்டே போனாள். அவர் வெறுங்கையோடு பின்னால் நடந்தார்.

மறுநாள் காலை கட்டு மாற்ற அவர்தான் முந்திக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து, "காலை என் மடியில வையி," என்றார்.

"உங்க மேல கால் வைக்கக் கூடாதுங்க அப்பா."

அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார். அவ்வளவுதான், அவளும் உடனே சறுக்கித் தரைக்கு வந்துவிட்டாள். அப்பாவைவிட உயரத்தில் உட்காரலாமா? இறங்கும்போது புண் நாற்காலியில் உரசியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"யாரும்மா இதெல்லாம் சொல்லிக் கொடுத்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள், சரியாகத்தானே செய்தோம் என்பதுபோல.

ஹர்யோகோ பஞ்சை என்னிடம் நீட்டிவிட்டு எழுந்து போனார். கட்டை நான்தான் பிரித்தேன்.