ராணியின் இருமல்

பதினெட்டு வருஷம் வெளியூர் ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக மாரடித்துவிட்டு, அக்கா தங்கை இருவரில் பெரியவள் சொந்த ஊருக்கே திரும்பியதற்கு ஒரே காரணம் நாடகம்தான். போவதற்கு முன் இங்கே அவள்தான் ராணி. அந்த வேஷத்தை மறுபடி கட்ட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

"வேஷமா?" என்று நாடக வாத்தியார் சிரித்தார். "நீ போறப்ப பதிஞ்சு வச்ச குரல் டேப்புல அப்படியே இருக்கே! உன் தங்கச்சி வாயசைக்கிறா. சனங்க அந்தக் குரலைத்தான் கேக்குறாங்க. நீ ஜாலியா முன்வரிசையில உக்காந்து பாரும்மா."

பாரும்மாவாம்! அவள் என்ன ஊருக்கு வந்த விருந்தாளியா? பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் போய் உட்கார்ந்தாள்.

மேடைக்குத் தங்கை ராணியாக வந்தாள். ஒலிபெருக்கியில் பெரியவளின் இருபத்தைந்து வயதுக் குரல் முழங்கியது: "இந்த மண்ணை விட்டு..." அந்த இடத்தில் ஓர் இருமல். பதிவு செய்த அன்று அவளுக்குச் சரியான ஜலதோஷம். அதை யாரும் வெட்டி எறியவில்லை. தங்கையோ மார்பில் கைவைத்து, அந்த இருமலையும் அச்சு அசலாக நடித்தாள். கைதட்டல் காதைப் பிளந்தது.

"அடப்பாவிகளா!"

தன் சளிக்கு விழுந்த கைதட்டல்கூடத் தனக்கில்லையே என்று பெரியவளுக்கு வயிறு எரிந்தது. விறுவிறுவென்று மேடையோரம் போய் டேப்பின் ஒயரைப் பிடுங்கினாள்.

"நானே பேசுறேன், கேளுங்க!"

"உக்காரு அக்கா!"

அதட்டியது தங்கை. கிரீடத்தைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். "பதினெட்டு வருஷமா உன் குரலுக்கு ஊமையா நின்னது நான். உன் இருமலைக்கூட நான்தான் இருமினேன். எனக்கும் வாய் இருக்கான்னு ஒருத்தராவது கேட்டீங்களா? போனவ நீ. இருந்தவ நான்."

வாத்தியார் பதறி ஓடிவந்து ஒயருக்குக் கை நீட்டினார். பெரியவள் கொடுக்கவில்லை. கோபம் இன்னும் உச்சந்தலையில்தான் நின்றது. யார்மேல் என்பதுதான் இப்போது புரியவில்லை.

தங்கை கிரீடத்தை மறுபடி தலையில் வைத்துக்கொண்டாள். அவளுக்குக் கரகரத்த குரல்.

"இந்த மண்ணை விட்டு..."

பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் இருமினார்கள்.

"வாயை மூடுய்யா!" என்று பெரியவள் கத்தினாள்.

"...நான் எங்கே போவேன்?" என்று தங்கை முடித்தாள்.